வாடகை உயர்வில் நியாயம் எது?

(பாலோ வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வீட்டு வாடகை. தோட்டத்து வீட்டில் குடியிருக்கும் நமக்கு வாடகை பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தோட்ட நிருவாகம் தரும் வீட்டிற்கு நாம் வழக்கமாக வாடகை கொடுப்பதில்லை, உண்மைதான். ஆனால் அந்த வீடு வேலையோடு சேர்ந்து வருவது. வேலையோடு சேர்ந்தே போவது. மகனோ மகளோ பாசிர் கூடாங்கிலும் கூலாயிலும் ஜொகூர் பாருவிலும் தொழிற்சாலை வேலைக்குச் செல்லும்போது வாடகை நம் குடும்பத்திற்குள் நுழைகிறது. தோட்டம் கைமாறும்போதும், நிலம் வேறு தேவைகளுக்குப் பிரிக்கப்படும்போதும் நுழைகிறது. முப்பது நாற்பது ஆண்டுகள் வாடகை என்னும் சொல்லையே அறியாது வாழ்ந்த ஒருவர், ஓய்வுபெறும் வயதில் அதனை முதன்முதலாகக் கற்க நேரிடுகிறது. அந்த வயதில் கற்கும் பாடம் மிகவும் செலவு பிடிப்பது. ஆகவேதான் இப்போதே பேசுகிறோம்.

மகனை ஜொகூர் பாருவில் வேலைக்கு விட்டிருக்கும் ஒரு தந்தையார் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அறுநூறு வெள்ளி கொடுத்துக்கொண்டிருந்த வீட்டிற்கு எண்ணூறு கேட்கிறார்கள் ஐயா. கேட்டால், 'ஊரில் சராசரி வாடகையே அதுதான்' என்கிறார்கள். சராசரி என்று சொல்லிவிட்டால் நாம் வாய் திறக்கக் கூடாதா?" என்றார். நல்ல கேள்வி. வாய் திறக்கலாம் என்பதே என் விடை. எப்படி என்பதைத்தான் இனிக் காண்போம்.

முதலில் சராசரி என்பது என்னவென்று பார்ப்போம். ஒரு வரிசையில் ஐந்து வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாடகை முறையே 450, 500, 550, 600 ரிங்கிட். ஐந்தாவது வீடு கடலைப் பார்த்த சொகுசு அடுக்குமாடி, அதற்கு 2,400. எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 900 ரிங்கிட். ஆனால் அந்த ஐந்தில் ஒரு வீட்டிற்காவது 900 ரிங்கிட் வாடகை உண்டா? இல்லை. நான்கு குடும்பங்கள் 600க்குள் வாழ்கின்றன. ஒரே ஒரு வீடு கணக்கைத் தூக்கி நிறுத்திவிட்டது. வீடுகளை வாடகை வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்கும் வீட்டைப் பார்த்தால் 550 என்று தெரியும். அந்த நடு எண்ணே உண்மை நிலைக்கு நெருக்கமானது.

இதை உங்களுக்கு விளக்க நான் பெரிய புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை. பால் நிறுக்கும் கொட்டகையில் நாள்தோறும் நடப்பதே இது. வாளியில் எத்தனை கிலோ பால் என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறதா? அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்த்த பிறகுதானே கணக்கு எழுதப்படுகிறது? மழைநாள் பாலும் வெயில்நாள் பாலும் எடையில் ஒன்றாக இருக்கலாம். உள்ளே இருப்பது வேறு. வாடகையும் அப்படியே. எத்தனை அறை, எத்தனையாவது மாடி, மின்தூக்கி உண்டா, பேருந்து நிற்கும் இடம் எவ்வளவு தூரம், வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் இருக்கிறதா, நீர் மின்சாரக் கட்டணம் வாடகையில் அடக்கமா என்பவற்றையெல்லாம் கழித்துப் பார்க்காமல் இரண்டு வாடகைகளை ஒப்பிடுதல் ஆகாது.

அதிலும் நம் ஜொகூர் மாநிலத்திற்கு ஒரே சராசரி என்று சொன்னால், அது எவருக்கும் பொருந்தாத சட்டையாகிவிடும். பத்து மாவட்டங்கள் உள்ள மாநிலம் இது. ஜொகூர் பாருவில் சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்குவோர் குடியிருக்கின்றனர். அங்கே வாங்கும் ஒரு வெள்ளி இங்கே மூன்று ரிங்கிட்டிற்கும் மேல். புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் விரைவு ரயில் 2026 இறுதிக்குள் ஓட வேண்டும் எனத் திட்டமிடப்பட்டது. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டார உடன்பாடும் கையெழுத்தானது. இவை யாவும் அங்குள்ள வாடகையை மேலே தள்ளும் காரணங்கள். குளுவாங் மாவட்டத்து பாலோவில் ரயில் நிலையம் இருக்கிறது என்பதற்காக, புக்கிட் சாகார் ஓரத்து அடுக்குமாடியின் வாடகை விகிதம் பாலோவுக்கு வந்துவிடாது, வரவும் கூடாது. ஒப்பீடு செய்வதானால் பாலோ வீட்டைப் பாலோ வீட்டோடும், தெப்ராவ் வீட்டைத் தெப்ராவ் வீட்டோடும் ஒப்பிட வேண்டும். நிதியமைச்சைச் சேர்ந்த மதிப்பீட்டுத் துறையின் கீழ் இயங்கும் தேசிய நிலச்சொத்துத் தகவல் மையம், மாநிலவாரியாகச் சொத்துச் சந்தை அறிக்கைகளை வெளியிடுகிறது. வாடகை விவரங்களும் அதில் வட்டாரம் வட்டாரமாக, வீட்டு வகை வகையாகத்தான் தரப்படுகின்றன. "ஊர்ச் சராசரி" என்று எவரேனும் சொன்னால், எந்தத் தாமான், எந்த வகை வீடு என்று பணிவாகத் திருப்பிக் கேளுங்கள்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு வருவோம். இங்கே ஒரு சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1966 ஆம் ஆண்டில் நம் நாட்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். மற்றொன்று, தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம். முன்னது பட்டணத்துக் குடியிருப்போரைக் காக்க வந்தது. பின்னது தோட்டத்து லயத்து வீடுகளைச் சீர்திருத்த வந்தது. ஒரே ஆண்டில் பிறந்தும் இரண்டின் விதியும் வேறு வேறாயிற்று.

வாடகைக் கட்டுப்பாடு என்பது போருக்குப் பிந்திய வீட்டுப் பஞ்சத்தில் தொடங்கிய ஏற்பாடு. 1948 இல் ஒரு சட்டம், 1956 இல் ஒரு சட்டம், அதன்பின் 1966 ஆம் ஆண்டுச் சட்டம். 1948 ஜனவரி 31 ஆம் தேதிக்குள் கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களுக்கே அது பொருந்தியது. அவற்றின் வாடகையை உரிமையாளர் தம் விருப்பப்படி உயர்த்த இயலாது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் இயலாது. பினாங்கு ஜோர்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் பெரும்பாலும் இந்தக் குடையின்கீழ் இருந்தன. மிகச் சொற்பமான வாடகையில் தலைமுறை தலைமுறையாகத் தையற்காரரும் தட்டாரும் சிறு வணிகரும் அங்கே பிழைத்தனர். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வாடகை அப்படியே உறைந்து நின்றதால், உரிமையாளர் கூரையைப் பழுது பார்க்க மனம் கொள்ளவில்லை. மூலக் குடித்தனக்காரர் சிலர், தாம் குறைந்த வாடகை கொடுத்துக்கொண்டு, அறை அறையாகப் பிரித்துப் பிறருக்குக் கூடுதல் வாடகைக்கு விட்டனர். கட்டுப்பாட்டின் பயன் ஏழைக்குப் போய்ச் சேராமல் இடையில் நின்ற இடங்களும் உண்டு.

பிறகு 1997 இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இடைக்காலம் தந்து, 2000 ஜனவரி 1 ஆம் தேதியோடு கட்டுப்பாடு முற்றிலும் விலகியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அணைக்குள் நின்ற நீர் ஒரே நாளில் திறந்துவிடப்பட்டது போலாயிற்று. வாடகை பன்மடங்காக ஏறியது. நகரின் நடுவே வாழ்ந்த எளிய குடும்பங்கள் பல வெளியேறின. பழந்தொழில்கள் சில அத்துடன் மறைந்தன. வாடகையை உயர்த்தியது தவறு என்று நான் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டு உயர்வை ஐந்து நாளில் கேட்டதே கொடுமை என்கிறேன். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்ந்திருந்தால் உரிமையாளரும் கூரை வேய்ந்திருப்பார். குடியிருந்தவரும் இடம் பெயர்ந்திருக்க மாட்டார்.

மற்றொரு சட்டத்தின் கதை வேறு. 1966 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 1990 இல் புதிய தொழிலாளர் வீட்டுத் தரச் சட்டம் வந்தது. 446 ஆம் சட்டம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது அதுவே. 2019 இல் அது திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டத்திற்கு வெளியேயுள்ள தொழிலாளர் தங்குவிடங்களுக்கும் விரிந்தது. தங்குவிடம் தரும் முதலாளி, தொழிலாளியிடம் அதற்காக மாதம் 100 ரிங்கிட்டிற்கு மேல் வாங்கக் கூடாது என்று ஒரு விதியும் 2020 இல் வந்தது. தொழிற்சாலை விடுதியில் தங்கும் உங்கள் பிள்ளைகளின் சம்பளச் சீட்டில் தங்குவிடத்திற்கு எவ்வளவு பிடிக்கப்படுகிறது என்று அடுத்த விடுமுறைக்கு அவர்கள் வரும்போது கேட்டுப் பாருங்கள். ஐயம் இருந்தால் தொழிலாளர் இலாகாவை அணுகலாம்.

ஆக, இன்றைய நிலை யாது? முதலாளி தரும் இடத்திற்கு விதி உண்டு. சந்தையில் எடுக்கும் வாடகை வீட்டிற்கு, ஆண்டுக்கு இத்தனை விழுக்காட்டிற்கு மேல் உயர்த்தலாகாது என்னும் விதி இல்லை. குடியிருப்பு வாடகைக்கென ஒரு தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. அத்தகைய சட்டம் வரும்வரை, உரிமையாளரும் குடியிருப்பவரும் கையெழுத்திடும் ஒப்பந்தமே நமக்குச் சட்டம். இதை நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். மற்றவை இதைச் சார்ந்தே நிற்கின்றன.

பிற நாட்டார் இந்தச் சிக்கலை எவ்வாறு கையாளுகின்றனர் என்பதையும் சிறிது பார்ப்போம். தமிழ்நாட்டில் 1960 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் "நியாய வாடகை" என்ற சொல்லையே பயன்படுத்தியது. கட்டடத்தின் மொத்த மதிப்பில் குடியிருப்பு வீட்டிற்கு ஆண்டுக்கு 9 விழுக்காடு, குடியிருப்பல்லாத கட்டடத்திற்கு 12 விழுக்காடு என்று கணக்கிடும் முறை பின்னர் அதில் நிலைபெற்றது. அந்தச் சட்டத்தையும் நீக்கி, 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம் ஒன்றை அங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். வாடகை எவ்வளவு என்பதை இரு தரப்பாரின் உடன்பாட்டிற்கே விட்டுவிட்டனர். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்யப்பட வேண்டும், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றனர். கனடாவின் ஒந்தாரியோ மாநிலத்தில் ஆண்டுதோறும் அரசே ஓர் உயர்வு விகிதத்தை அறிவிக்கிறது. 2024 இலும் 2025 இலும் அது 2.5 விழுக்காடு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2019 இல் மாநிலம் முழுமைக்கும் உயர்வு வரம்பு விதித்தது. 2023 இல் அந்த வரம்பு எவ்வகையிலும் 10 விழுக்காட்டைத் தாண்டாதபடி இறுக்கப்பட்டது. 10 விழுக்காடு என்பது நமக்கு அதிகமாகவே தோன்றும். அங்கே அதற்கும் மேல் கேட்டவர்கள் இருந்ததால்தான் சட்டம் வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தத் தந்தையாரின் கணக்கிற்கு வருவோம். வீட்டு வாடகை 600 ரிங்கிட். 2022 தொடக்கம் முதல் 2024 இறுதிவரை மூன்று ஆண்டுகள் உயரவில்லை என்று கொள்வோம். நம் நாட்டின் விலைவாசி உயர்வு 2022 இல் 3.3 விழுக்காடு, 2023 இல் 2.5, 2024 இல் 1.8. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பார்த்தாலும் 8 விழுக்காட்டை எட்டவில்லை. அந்தக் கணக்கில் 600 ரிங்கிட் வாடகை ஏறத்தாழ 647 ஆக வேண்டும். வேறொரு வழியில் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 ஆயிற்று. 2025 பிப்ரவரியில் 1,700 ஆயிற்று. சம்பளம் ஏறிய அதே அளவில் வாடகையும் ஏறினால் 680 ஆகும். ஆகவே 650 இலிருந்து 680 வரை கேட்கும் உரிமையாளரோடு நாம் சண்டையிட நியாயமில்லை. மூன்று ஆண்டு பொறுத்திருந்தமைக்காக நன்றிகூடச் சொல்லலாம். எண்ணூறு என்பது 33 விழுக்காட்டு உயர்வு. புதிதாகச் சமையலறை கட்டித் தந்திருந்தாலன்றி, அல்லது அதே மாடியில் அதே வகை வீடுகள் உண்மையிலேயே அந்த வாடகைக்குப் போயிருந்தாலன்றி, அதற்கு ஆதாரம் கேட்பது நம் கடமை.

உரிமையாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை மறத்தலாகாது. வீட்டுக் கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, நில வரி, அடுக்குமாடியாயின் பராமரிப்புக் கட்டணம் ஆகியவை அவர் தோளில் உள்ளன. நம்மில் சிலரே நாளை ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடக்கூடும். எந்தச் செலவு எவ்வளவு கூடிற்று என்று அவர் சொல்வாரானால், அதைக் கேட்டுப் பங்கிட்டுக்கொள்வதே மரியாதை. "எல்லாரும் ஏற்றுகிறார்கள், நானும் ஏற்றுகிறேன்" என்பது காரணம் ஆகாது.

வருமானத்தில் வாடகைக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று கேட்பார்கள். மூன்றில் ஒரு பங்கிற்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கு. 1,700 ரிங்கிட் சம்பளத்தில் 30 விழுக்காடு 510 ரிங்கிட். தனியொருவர் சம்பளத்தில் 600 ரிங்கிட் வீடு எட்டாது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. இருவர் மூவராகச் சேர்ந்து எடுக்கும் பிள்ளைகள், யார் பெயரில் ஒப்பந்தம், ஒருவர் விலகினால் அவர் பங்கை யார் கொடுப்பது என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளட்டும். நண்பர்களிடையே எழுத்து எதற்கு என்பார்கள். நண்பர்களாகவே நீடிக்கத்தான்.

வாடகையைவிட முதல் நாளில் இடறிவிடுவது முன்பணம். வழக்கப்படி இரண்டு மாத வாடகை வைப்புத் தொகை, நீர் மின்சாரத்திற்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்கூட்டியே. அறுநூறு ரிங்கிட் வீட்டிற்கு 1,200, 300, 600 ஆக 2,100 ரிங்கிட். ஒரு மாதக் குறைந்தபட்சச் சம்பளத்தையும் தாண்டிய தொகை. இதற்காக வட்டிக்காரரிடம் போகும் இளைஞர்கள் உண்டு. அங்கே தொடங்கும் கடன் வாடகையைவிட நீண்ட நாள் தொடரும். பிள்ளை பட்டணம் போவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே இந்தத் தொகையைச் சேர்த்து வைப்பது மேல். வைப்புத் தொகை நம் பணம். வீட்டைச் சேதமின்றித் திருப்பிக் கொடுத்தால் திரும்ப வர வேண்டியது. குடிபுகும் நாளிலேயே சுவரின் கீறலையும் உடைந்த குழாயையும் கைப்பேசியில் படம் பிடித்து உரிமையாளருக்கு அனுப்பி வைத்தால், பின்னாளில் "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்ற பேச்சு எழாது. தொகை திரும்ப வராவிடில், வழக்கறிஞர் இல்லாமலே நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்காகக் கேட்க வழியுண்டு. சட்ட உதவித் துறையும் வருமானம் குறைந்தோர்க்கு ஆலோசனை தருகிறது.

ஒப்பந்தத்தில் வாடகை எவ்வளவு, எத்தனை காலம் என்பதோடு நின்றுவிடாதீர்கள். காலம் முடிந்தபின் புதுப்பித்தால் உயர்வு எவ்வளவிற்கு மேற்படாது, அதை எத்தனை மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்னும் இரண்டு வரிகளைக் கேட்டுச் சேருங்கள். பத்து விழுக்காட்டிற்கு மேற்படாது, இரண்டு மாதம் முன்னறிவிப்பு என்று எழுதச் சொன்னால் பல உரிமையாளர்கள் மறுப்பதில்லை, கேட்பவர்தாம் குறைவு. ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதில் இடமில்லாவிடில், நடுவில் வாடகையை உயர்த்த அவருக்கு உரிமையில்லை. முத்திரை வரி செலுத்தப்படாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. ஆகவே அந்தச் செலவைப் பாராமல் முத்திரையிட்டு ஒரு படியை நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வாடகையை ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது. வங்கி வழியாகச் செலுத்தினால் அதுவே ரசீது.

உயர்வுக்கு ஒப்பாவிடில் பூட்டை மாற்றிவிடுவோம், மின்சாரத்தை நிறுத்துவோம் என்று மிரட்டுவோர் உண்டு. 1950 ஆம் ஆண்டுக் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின்படி, வாடகைக் காலம் முடிந்தபின்னும் ஒருவர் குடியிருந்தால்கூட, நீதிமன்றத்தின் வழியாகவே அவரை வெளியேற்ற வேண்டும். இது நமக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் இதன் மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். காலம் முடிந்தும் வெளியேற மறுப்பவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க 1956 ஆம் ஆண்டு உரிமையியல் சட்டம் உரிமையாளருக்கு இடமளிக்கிறது. வாடகை பாக்கிக்காக நீதிமன்ற ஆணை பெற்று வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்ய 1951 ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. எனவே உயர்வு பற்றிய வழக்கு நடக்கிறது என்பதற்காகப் பழைய வாடகையையும் நிறுத்திவிடுவது பேதைமை. ஒத்துக்கொண்ட வாடகையை நாள் தவறாமல் செலுத்துங்கள். தகராறு உயர்வைப் பற்றி மட்டும் இருக்கட்டும்.

இறுதியாக, ஓய்வு வயதை நெருங்கும் பெரியவர்களுக்கு ஒரு சொல். மக்கள் வீடமைப்புத் திட்டமாகிய பி.பி.ஆர். அடுக்குமாடிகளின் வாடகை மாதம் 124 ரிங்கிட் என்று நிர்ணயிக்கப்பட்டது. சந்தை வாடகையோடு ஒப்பிட்டால் அதன் அருமை விளங்கும். ஆனால் அவ்வீடுகள் பெரும்பாலும் பட்டணங்களிலேயே உள்ளன, வரிசையும் நீளமானது. ஓய்வுபெற்ற மறுநாள் விண்ணப்பம் போடுவதில் பயனில்லை. ஐம்பத்தைந்து வயதிலேயே விசாரிக்கத் தொடங்க வேண்டும். வாடகைக்குப் போவதா, மலிவு விலை வீடு வாங்குவதா என்று தயங்குவோர், ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் ஏற்பட்டுள்ள மூன்று கணக்குகளில் செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டிற்காகப் பணம் எடுக்க வழியுண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது சேமநிதி அலுவலகத்தில் கேட்டால் தெரியும். குளுவாங் போகும் நாளில் அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். கணவரும் மனைவியும் இருவருமே தோட்டத்தில் உழைத்திருந்தால், இருவர் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். மனைவியின் கணக்கை எவரும் நினைப்பதே இல்லை. எண்ணிப் பார்த்தால் வீட்டின் முன்பணத்திற்குப் பாதி அதிலேயே இருக்கக்கூடும்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். ஒப்பந்தத் தாள் கொண்டு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிடுவோம்.